ஒரு கணனியின் பாடபேதங்கள்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே ஒரு கணனியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் வானொலிப் பெட்டியின் திருகை வேறு பக்கம் திருப்பக் கூடும். சற்றுப் பொறுங்கள். நான் பேசப்போவது இயந்திரத்தைப் பற்றியே என்றாலும், அதை நோக்குகின்ற கண் ஒரு தமிழாசிரியனின் கண்தான்.

பாடபேதம் என்பது நமக்குப் பழகிய சொல். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுவதற்கு முன்னர் ஏடு தேடி அலைந்ததையும், கிடைத்தவற்றை ஒப்புநோக்கியதையும் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். ஏட்டைப் பெயர்த்தெழுதுபவன் ஓரெழுத்தை விட்டுவிடுகின்றான். தன் ஊர் வழக்கு ஒன்றை அறியாமலே நுழைத்துவிடுகின்றான். விளங்காத இடத்திலே தனக்கு விளங்கியதை எழுதிவைக்கின்றான். பதிப்பாசிரியர் மூலபாடம் ஒன்றைத் தேர்ந்து மேலே வைத்து, மற்றவற்றை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடுகின்றார். அந்த அடிக்குறிப்பிலே கிடப்பவை யாவும் பிழைகள்தாமா என்ற கேள்வி என்னை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கணனியின் கதையை அறிந்தபோது அக்கேள்விக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வெளிச்சம் கிடைத்தது.

கணனியின் பெயர் இஸட்-எக்ஸ் ஸ்பெக்ட்ரம். பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரிலே கிளைவ் சிங்கிளயரின் நிறுவனம் 1982 ஏப்ரல் 23ஆந் திகதி அதனை வெளியிட்டது. மின்சுற்றை வகுத்தவர் ரிச்சர்ட் ஓல்ற்வாசர். உள்ளே பதிக்கப்பட்ட பேசிக் மொழியை ஆக்கியவர் ஸ்ரீவ் விக்கர்ஸ். கையடக்கமான கறுப்புப் பெட்டியையும் அதன் மேலிருந்த நாற்பது இறப்பர் விசைகளையும் வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன். 16 கிலோபைற் நினைவகத்தோடு 125 பவுண். 48 கிலோபைற் என்றால் 175 பவுண். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கின்ற கசெற் றெக்கோடரே களஞ்சியம். நடுத்தரக் குடும்பமொன்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக்கூடிய கணனியாக அது இருந்தது. உத்தியோகபூர்வமாக விற்றவை மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல். உரிமை பெறாது பிரதி செய்யப்பட்டவற்றை எண்ணி முடித்தவர் எவருமில்லர்.

அந்த விசைப்பலகையிலே ஒரு புதுமை இருந்தது. கட்டளை வரியின் தொடக்கத்தில் 'பி' விசையை அழுத்தினால் 'பி' என்ற எழுத்துத் தோன்றாது. 'பிரின்ற்' என்ற முழுச்சொல்லும் தோன்றும். 'ஜே' விசைக்கு 'லோட்'. நினைவகத்தைச் சிக்கனப்படுத்தவும், தட்டெழுதத் தெரியாதவருக்கு எழுத்துப்பிழை நேராதிருக்கவும் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு விசையிலும் மேலும் கீழுமாக ஐந்தாறு சொற்களும் குறிகளும் அச்சிடப்பட்டிருந்தன. பேசிக்கிற்குரிய அகராதி முழுவதும் அந்த நாற்பது இறப்பர்த் துண்டுகளின் மேலேயே இருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அத்தனை சொற்களும் ஆங்கிலம்.

இங்கேதான் நமது அக்கறை தொடங்குகின்றது. சிங்கிளயரின் கணனியில் எழுத்துகளின் வடிவங்கள் அழியா நினைவகத்திலே பதிக்கப்பட்டிருந்தன. 96 குறிகள், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் வரையப்பட்டது, எல்லாம் சேர்ந்து 768 பைற். இவற்றுக்கு வெளியே, பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்வதற்கென 21 வெற்றிடங்களும் விடப்பட்டிருந்தன. விளையாட்டுகளுக்குப் பூதங்களும் விண்கலங்களும் வரைவதற்காக அவை வைக்கப்பட்டிருக்கலாம். மொழி பேசுகின்ற மனிதனுக்கோ அவை இருபத்தொரு நாற்காலிகள். தன் எழுத்துகளில் எவற்றை அங்கே இருத்துவது என்று அவன் யோசிக்க வேண்டியவனாகின்றான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழுக்கு உயிரும் மெய்யுமே முப்பது. ஆகவே தொடக்கத்திலேயே தோற்றுப்போகின்றோம். ருஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். அவற்றின் பெரிய வடிவங்களை எடுத்துக்கொண்டால், பதினொன்று ஆங்கில எழுத்துகளைப் போலவே தோற்றமளிப்பவை. ஒலி வேறாக இருக்கலாம், கோடு ஒன்றுதான். மிகுதி 22. 'யோ' என்ற எழுத்தின் தலையிலுள்ள இரு புள்ளிகளை ருஷ்யர் அன்றாட எழுத்திலே விட்டுவிடுவது வழக்கம். அப்படி விட்டால் அதுவும் ஆங்கில 'ஈ'யின் வடிவத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சுவது சரியாக 21! கேம்பிரிட்ஜில் எவரும் ருஷ்ய மொழியை நினைத்து அந்த எண்ணைத் தெரிந்தெடுக்கவில்லை. தற்செயல்தான். எனினும் இத்தகைய தற்செயல்களைக் காணும்போது எழுத்தோடு வாழ்பவர்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. இந்த 21 போதாதவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. நினைவகத்திலே ஒரு முகவரியை மாற்றிவிட்டால், கணனி தன் 96 எழுத்துகளையும் விட்டுவிட்டு நாம் வரைந்துவைத்த வேறொரு நெடுங்கணக்கைப் படிக்கத் தொடங்கிவிடும்.

எழுத்துக்காக ஓர் அரசே தலையிட்ட இடம் ஸ்பெயின். 64 கிலோபைற்றும் அதற்குக் குறைந்ததுமான நினைவகம் உள்ள கணனிகளுக்கு 1985இல் அந்நாடு விசேட வரி விதித்தது. அங்கே விற்கப்படும் கணனிகள் ஸ்பானிய நெடுங்கணக்கைக் கொண்டிருக்க வேண்டும், செய்திகளை ஸ்பானிய மொழியிலே காட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. நெடுங்கணக்கு என்றால் அந்தத் தலைக்கோடு போட்ட 'ஞ'கர எழுத்தும் சேர்த்துத்தான். வரியிலிருந்து தப்ப நிறுவனங்கள் செய்த உபாயங்களில் ஒன்றைக் கேளுங்கள். அம்ஸ்ராட் நிறுவனம் 64 கிலோபைற் கொண்ட தன்னுடைய கணனியொன்றுக்குள் மேலதிகமாக எட்டுக் கிலோபைற் சில்லொன்றைப் பொருத்தி, 472 என்று பெயரிட்டு விற்றது. அந்த எட்டுக் கிலோபைற்றை எந்தச் செய்நிரலாலும் பயன்படுத்த முடியாது. வரி அதிகாரியின் கண்ணுக்கு மாத்திரம் தெரிகின்ற நினைவகம் அது!

சிங்கிளயரின் வழி வேறு. மாட்ரிட்டிலிருந்த இன்வெஸ்ரோனிக்கா நிறுவனத்தோடு சேர்ந்து, 128 கிலோபைற் நினைவகம் கொண்ட புதிய ஸ்பெக்ட்ரம் ஒன்றை 1985 செப்ரெம்பரில் ஸ்பெயினிலே வெளியிட்டார். அதன் செய்திகள் ஸ்பானிய மொழியில் இருந்தன. அதே கணனி ஆங்கிலச் செய்திகளோடு பிரித்தானியாவுக்கு வந்தது 1986 ஜனவரியில். ஆகவே ஸ்பெக்ட்ரம் 128ஐப் பொறுத்தவரை எது மூலம், எது மொழிபெயர்ப்பு? பிரித்தானியச் சிறுவர்கள் தங்கள் நாட்டுக் கணனி என்று வாங்கியது ஸ்பெயினில் முதலிற் பிறந்த ஒன்றின் ஆங்கிலப் பதிப்பை. வெளியூர்ப் பாடம் மூலபாடத்தை முந்திக்கொண்ட இடங்களில் இது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த இருபத்தொரு நாற்காலிகளில் இரண்டை இந்த 128 பறித்துக்கொண்டது. 'ஸ்பெக்ட்ரம்', 'பிளே' என்ற இரண்டு புதிய கட்டளைச் சொற்கள் வந்து அமர்ந்தன, மிஞ்சியவை பத்தொன்பது.

பிரேஸிலிலே கதை இன்னொரு விதம். உள்நாட்டுக் கைத்தொழிலைக் காப்பதற்காக அந்நியக் கணனிகளுக்குக் கதவை மூடும் சட்டத்தை அந்நாடு 1984 அக்ரோபரில் நிறைவேற்றியது. வெளியிலிருந்து வாங்க முடியாது. ஆனால் உள்ளே செய்யலாம். சாவோ போலோவிலிருந்த மைக்ரோடிஜிற்றல் நிறுவனம் 1985இல் ரி.கே. 90 எக்ஸ் என்ற பெயரிலே ஸ்பெக்ட்ரத்தைப் பிரதி செய்தது. அப்படியே பிரதி செய்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மேற்சொன்ன வெற்றிடங்களிலே எழுத்து வரைவதற்கென்று ஒரு புதிய கட்டளையைச் சேர்த்தது. போர்த்துக்கேய மொழிக்கு வேண்டிய மேற்குறியிட்ட எழுத்துகளையும் அதனோடு வைத்தது. கேம்பிரிட்ஜின் மூலத்திலே இல்லாத வரி அது. பெயர்த்தெழுதியவன் தன் தாய்மொழிக்காக இடைச்செருகிய வரி. இதைப் பிழையான பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிக் கிழக்கு ஐரோப்பாவுக்கு வருவோம். பிரதிகள் ஆயிரமாயிரமாகப் பெருகியது அங்கேதான். மேற்கு நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு மறு பக்கம். ஸ்பெக்ட்ரத்தின் மூளையாகிய இஸட்-80 என்ற சில்லைக் கிழக்கு ஜேர்மனி 1980 முதல் யூ-880 என்ற பெயரிலே அனுமதி கேளாமலே உற்பத்தி செய்துவந்தது. மூளை கிடைத்துவிட்டால் உடம்பைச் செய்துகொள்ளலாம் அல்லவா?

ருமேனியாவில் ஒவ்வொரு நகரமும் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. பிராஷோவ் நகரில் உருவானது கோப்ரா. பாம்பின் பெயர் என்று நினைக்க வேண்டாம், கணனி என்பதன் முதலெழுத்துகளையும் பிராஷோவின் முதலெழுத்துகளையும் சேர்த்து வந்த பெயர். திமிஷோவாராவில் செய்தது திம்-எஸ். புக்கரெஸ்ற்றிலே பெலிக்ஸ் தொழிற்சாலை 1985இல் எச்.சி.-85ஐக் கொண்டுவந்தது. சிலோவாக்கியாவின் ஸ்காலிற்சா நகரிலே, பள்ளிக்கூடங்களுக்குக் கற்பித்தற் சாதனங்கள் செய்துவந்த டிடாக்ரிக் என்ற கூட்டுறவு நிறுவனம் 1987இல் டிடாக்ரிக் காமாவை வெளியிட்டது. போலந்தின் விறோட்ஸ்வாவ் நகரில் எல்வ்ரோ நிறுவனம் 1986இல் பாடசாலைகளுக்காகச் செய்த எல்வ்ரோ 800 ஜூனியர் என்ற கணனியின் மேலே தாள் வைக்கும் தாங்கி ஒன்று இருந்தது. சிறுவர்களுக்கான மின் இசைப்பெட்டி ஒன்றின் கூட்டையே கணனிக்கும் பயன்படுத்திக்கொண்டதால் வந்த தாங்கி அது. இசைச் சுரத்தாள் நிற்கவேண்டிய இடத்திலே பிள்ளைகளின் செய்நிரல் தாள் நின்றது. இத்தகைய ஒட்டுவேலைகளைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. கையிலுள்ளதைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஒன்று செய்துகொடுக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு அதிலே தெரிகின்றது.

சோவியத் ஒன்றியத்திலே அந்தத் தவிப்புத் தொழிற்சாலைகளுக்கும் காத்திருக்கவில்லை. தனியாட்கள் மின்சுற்று வரைபடங்களைக் கைக்குக் கை மாற்றினர். வானொலிச் சந்தைகளிலே வெறும் சுற்றுப்பலகைகளை வாங்கி, சில்லுகளைத் தேடிச் சேர்த்து, வீட்டுச் சமையலறை மேசையிலே பற்றவைத்தனர். இந்த வேலையிலே ஒரு பெருந்தடை இருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் இதயமாகிய ஒரு சில்லைப் பிரித்தானியாவின் பெரான்ரி நிறுவனம் சிங்கிளயருக்கென்றே செய்துகொடுத்தது. திரையை வரைவது, விசைகளைப் படிப்பது, ஒலியெழுப்புவது எல்லாம் அதன் வேலை. அது கடையிலே கிடைக்காது. அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்று எவரும் எழுதித் தரவுமில்லை. அது செய்யும் வேலையை வெளியிலிருந்து கவனித்து, சாதாரணச் சில்லுகள் பலவற்றை இணைத்து அதே வேலையைச் செய்விக்க வேண்டியிருந்தது. ஏடு கிடைக்கவில்லை, பாட்டை ஒருவர் பாடக் கேட்டிருக்கின்றோம், கேட்டதிலிருந்து எழுதிக்கொள்கின்றோம். அப்படி எழுதியவை எப்படி ஒன்றுபோல் இருக்கும்? லெனின்கிராட், மொஸ்க்வா, ஸ்கோர்ப்பியன், ஹொபிற் என்று பெயர்கள் பெருகின. சேர்கேய் சோனோவ் என்பவர் வகுத்த லெனின்கிராட், மிகக் குறைந்த சில்லுகளோடு மலிவாகச் செய்யக்கூடியதாக இருந்தமையால் பரவலாயிற்று.

இவற்றுள் பென்டகன் என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகத்தின் பெயர் சோவியத் வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது என்று வியக்க வேண்டாம். முதற் பலகையின் ஒரு மூலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது, நாற்கோணம் ஐங்கோணமாயிற்று, பெயரும் அமைந்தது. 1991 தொடங்கிச் சில ஆண்டுகளிலே முன்னாள் சோவியத் நாடுகள் எங்கும் அதன் 128 கிலோபைற் பலகை மீண்டும் மீண்டும் பிரதி செய்யப்பட்டது.

அதன் பாடபேதம் எங்கே இருக்கின்றது என்று சொல்லவேண்டும். தொலைக்காட்சித் திரையிலே படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையப்படுகின்றது. பழைய 48 கிலோபைற் ஸ்பெக்ட்ரம் ஒரு முழுப்படத்துக்கு 312 கோடுகளை வரைந்தது. கோடு ஒன்றுக்கு 224 துடிப்புகள். ஆகமொத்தம் 69,888 துடிப்புகள். பென்டகனிலே கோடுகள் 320, துடிப்புகள் 71,680. இன்னொன்றும் உண்டு. மூலக் கணனியிலே திரையை வரையும் சில்லும் மூளைச் சில்லும் நினைவகத்தின் ஒரே பகுதியை நாடும் வேளைகளில், மூளை சற்றே நிறுத்திவைக்கப்படும். பென்டகனிலே அந்தக் காத்திருப்பு இல்லை. வழமையான விளையாட்டுகளுக்கு இவ்வித்தியாசங்கள் பெரும்பாலும் தெரியாது. ஆனால் துடிப்புகளை எண்ணியெண்ணி, திரையின் ஓரத்திலே நிறங்களைக் கோட்டுக்குக் கோடு மாற்றுகின்ற நுட்பமான செய்நிரல்கள் உண்டு. ஓரசை கூடினால் வெண்பாவிலே தளைதட்டுமே, அவ்வாறே அந்தக் கோலம் நேராக நிற்காது சரிந்துவிடும். ஒரு கணனிக்கு இயற்றியது மற்றதிலே பொருந்தாது.

இந்த இடத்திலே நமது பதிப்பாசிரியர்கள் பென்டகனை அடிக்குறிப்புக்குத் தள்ளியிருப்பார்கள். வரலாறு வேறுவிதமாக நடந்தது. பிரித்தானியக் கடைகளிலிருந்து ஸ்பெக்ட்ரம் மறைந்த பின்னர், தொண்ணூறுகளிலே இக்கணனிக்குத் தொடர்ந்து எழுதியவர்களில் பெருந்தொகையினர் ருஷ்யாவிலும் அதன் அயலிலும் இருந்தனர். அவர்கள் பென்டகனின் துடிப்புக் கணக்குக்கே இயற்றினர். காத்திருப்பு இல்லாத அதன் ஒழுங்கு, எண்ணி எழுதுவோருக்கு இலகுவானது. அவர்களுடைய ஆக்கங்களைச் சரியாகப் பார்க்க விரும்புகின்ற ஒருவருக்கு இன்று கேம்பிரிட்ஜின் மூலம் உதவாது. பென்டகனின் கணக்குத்தான் வேண்டும். பிரதிக்கென்று ஓர் இலக்கியம் எழுந்துவிட்டபோது, அந்த இலக்கியத்துக்குப் பிரதியே மூலமாகிவிட்டது.

இதைப்போன்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவிலே ரெக்னோலொஜி றிசேர்ச் என்ற நிறுவனம் 1984இல் ஸ்பெக்ட்ரத்துக்கு வட்டுச் செலுத்தி இணைக்கும் பீற்றா என்ற துணைக்கருவி ஒன்றை விற்றது. தாய்நாட்டிலே அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. சோவியத் பிரதிகளிலோ அதுவே நியமமாயிற்று. பலகையிலேயே அதையும் சேர்த்துப் பற்றவைத்தனர். சொந்த ஊரில் எவரும் புரட்டாத உரை ஒன்று வேற்றூரிலே மனப்பாடமாக ஓதப்பட்டதை ஒக்கும் இது.

பிரதியாளர்கள் பிழைகளையும் பக்தியோடு பெயர்த்தெழுதினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மூலக் கணனியின் அழியா நினைவகத்திலே, அவசரக் குறுக்கீடு ஒன்றைக் கையாளும் இடத்தில், 'பூச்சியமானால்' என்று இருக்க வேண்டிய நிபந்தனை 'பூச்சியமல்லாவிட்டால்' என்று தலைகீழாக விழுந்துவிட்டது. அந்த வசதியைப் பயன்படுத்த முனைந்தால் கணனி அக்குறுக்கீட்டைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். ஒரே ஓர் எதிர்மறை! மூலநினைவகத்தை அப்படியே பெயர்த்தெடுத்த கணனிகளுக்கெல்லாம் அதுவும் கூடவே சென்றது. எந்த ஏடு எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதைப் பொதுப்பிழைகளைக் கொண்டே அறிவது நம்மவர் கையாளும் முறை. அந்த எதிர்மறையைப் பார்த்தால் போதும், தாய் எது என்று தெரிந்துவிடும்.

முறைப்படி உரிமை பெற்ற பிரதிகளும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் நற்பேறு கிட்டியது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ரைமெக்ஸ் நிறுவனம் 1983 நவெம்பரில் 2068 என்ற இலக்கத்தோடு தன் பதிப்பை வெளியிட்டது. மூலத்தைத் திருத்த வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. புதிய கட்டளைகளைச் சேர்த்து அழியா நினைவகத்தை மாற்றி ஒழுங்குபடுத்தினர். விளைவு, பிரித்தானியாவிலே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த செய்நிரல்களில் மிகப்பல அதிலே ஓடவில்லை. 1984 பெப்ரவரியில் அந்நிறுவனம் அமெரிக்கக் கணனிச் சந்தையை விட்டே விலகியது. உரிமையோடு திருத்தியவர் தோற்க, உரிமையின்றி உள்ளதை உள்ளபடி பெயர்த்தவர் நிலைத்தனர். நியாயம் எதுவென்று நான் தீர்ப்புச் சொல்லவரவில்லை. விக்கர்ஸின் உழைப்புக்கு லெனின்கிராடிலிருந்து ஒரு சதமும் போகவில்லை என்பதும் உண்மைதான். அந்த உழைப்பை எவரினும் கூடுதலாகக் கற்றவர்கள் அங்கிருந்தார்கள் என்பதும் உண்மைதான். இந்தியாவிலே புனே நகரின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1986இல் உரிமை பெற்று வெளியிட்ட டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ், சில ஆயிரம் விற்று, 1990 அளவில் மறைந்தது. அதிலே இந்திய எழுத்து ஏதேனும் சேர்த்திருக்கக் கூடாதா என்று நினைக்கையில் சிறிது ஏக்கமாகத்தான் இருக்கின்றது.

சிங்கிளயர் தமது கணனித் தொழிலின் உரிமையை 1986 ஏப்ரலில் அம்ஸ்ராட்டுக்கு ஐம்பது இலட்சம் பவுணுக்கு விற்றுவிட்டார். அம்ஸ்ராட் 1999இல் ஒரு நல்ல காரியம் செய்தது. உரிமை தன்னுடையதே என்று சொல்லிக்கொண்டே, ஸ்பெக்ட்ரத்தைப்போல் நடிக்கும் செய்நிரல்களோடு அழியா நினைவகத்தின் உள்ளடக்கத்தை எவரும் விநியோகிக்கலாம் என்று இணங்கியது. அத்தகைய செய்நிரல்களைத் திறந்தால், எந்தக் கணனியாக நடிக்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல் ஒன்று வரும். 48, 128 என்பவற்றோடு ரைமெக்ஸும் பென்டகனும் ஸ்கோர்ப்பியனும் அதிலே வரிசையாக நிற்கும். ஆனால் சமையலறை மேசையிலே ஒருவர் தமக்கென்று ஓரிரு சில்லை மாற்றிப் பற்றவைத்த பலகைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றில் எத்தனை குப்பையோடு போயினவோ! கறையான் தின்ற ஏடுகளை நினைத்து வருந்திய நாம் இதற்கும் சற்று வருந்தலாம்.

2017இலே ஸ்பெக்ட்ரத்தைப் புதுப்பித்துச் செய்ய விரும்பிய சிலர் இணையத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினர். ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ற் என்பது அதன் பெயர். வெளிக்கூட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் 1982இன் பெட்டியை வடிவமைத்த அதே ரிக் டிக்கின்சன். 2018 ஏப்ரலில் அவர் காலமானார். கணனி 2020இலே வாங்கியவர் கைகளுக்குச் சேர்ந்ததைக் காண அவர் இருக்கவில்லை. அவருடைய கூட்டுக்குள்ளே வைத்த பலகைக்கு அடிப்படையாக அமைந்தது கேம்பிரிட்ஜின் வரைபடம் அன்று. பிரேஸிலைச் சேர்ந்த இரு பொறியியலாளர்கள் தாமாகவே ஆக்கிய ஒரு பிரதியின் வரைபடம். அதன் துடிப்புகளை அமைத்துக்கொள்ளும் இடத்திலே, 48 என்றும் 128 என்றும் உள்ள தெரிவுகளுக்குப் பக்கத்தில் பென்டகன் என்ற பெயரும் இருக்கின்றது.